பட்டுச் சேலை டர்பன் சுங்கத்தில் நிற்கிறதா? அறிகுறியைப் பார்த்துத் தடையை நீக்கும் வழிமுறை

தீபாவளி நெருங்கும்போது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகளின் முன்னறை சேலைக்கடையாகிவிடும். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தெரிந்த நெசவாளரிடம் சேலைகளைச் சொல்லி வைத்து, பணமும் அனுப்பிவிட்டு, பார்சலுக்குக் காத்திருப்பார்கள். பார்சலுக்குப் பதிலாக “கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு” என்ற செய்தி வரும். பண்டிகை போன பிறகு சரக்கு வீடு வந்தால் அடுத்த ஆண்டுவரை முதல் முடங்கிக் கிடக்கும். இப்படித் தவிப்பவர்களில் பெரும்பாலோர் சொந்தச் சேமிப்பைப் போட்டு வியாபாரம் செய்யும் பெண்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

துறைமுகத்தில் தெரியும் தடைக்குக் காரணம் பெரும்பாலும் நெசவாளர் வீட்டிலேயே உண்டாகிவிடுகிறது. தைக்காமல் விட்ட லேபிள், அரைகுறையாக எழுதிய பில், ஆசைக்குக் கட்டிய குச்சு என்று எல்லாம் சரக்கு ஏறுவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு விடை தருகிறேன்: இப்போது நிற்கும் பெட்டியை மீட்க என்ன செய்யலாம், அடுத்த பெட்டி நிற்காமலிருக்க அங்கே என்ன சொல்லி அனுப்ப வேண்டும்.

முதல் வேலை: யார் பிடித்திருக்கிறார்கள்?

தென்னாப்பிரிக்காவில் ஒரு துணிப் பெட்டியை நிறுத்தி வைக்கப் பல அலுவலகங்களால் முடியும். சார்ஸ் என்று நாம் சொல்லும் வருவாய்த் துறையின் சுங்கப் பிரிவு, தேசிய நுகர்வோர் ஆணையம், வேளாண் துறை, இறக்குமதி அனுமதி வழங்கும் இட்டாக் ஆணையம் ஆகியவற்றில் எதுவாகவும் இருக்கலாம். சில நேரம் கொரியர் கம்பெனியே நிறுத்தி வைத்திருக்கும். ஒவ்வொருவரும் கேட்கும் தாள் வேறு. லேபிளுக்காக நிற்கும் பெட்டிக்கு வங்கி ரசீதைக் காட்டிப் பயனில்லை. விலைச் சந்தேகத்தில் நிற்கும் பெட்டியை லேபிள் படம் விடுவிக்காது.

சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பிடித்தது எந்த அலுவலகம்? அவர்கள் கொடுத்த நோட்டீஸின் நகல் எங்கே? நோட்டீஸைக் கண்ணால் பார்க்காமல் “செலவு” என்ற பெயரில் ஒரு ராண்டும் கட்டாதீர்கள். உண்மையான வரிக்கும் அபராதத்துக்கும் சார்ஸின் தாள் இருக்கும்.

அறிகுறி: “இம்போர்ட்டர் கோடு என்ன?” என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள்

விற்பதற்காகத் தொடர்ந்து சரக்கு வரவழைப்பவர் சார்ஸில் இறக்குமதியாளராகப் பதிந்து சுங்க எண் வாங்கியிருக்க வேண்டும். எப்போதாவது தனக்கென்று வரவழைக்கும் தனிநபருக்கு 70707070 என்ற பொது எண் இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கு இத்தனை முறை, இவ்வளவு மதிப்பு என்ற வரம்பு உண்டு. முன்னறையில் சேலை அடுக்கி விற்பவர் அந்த எண்ணை நம்பி வியாபாரம் நடத்த முடியாது. பதிவை இணையத்திலேயே செய்யலாம். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். பெட்டி கிடங்கில் வாடகை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது செய்யத் தொடங்கினால் பதற்றம்தான் மிஞ்சும்.

எண் இருந்தும் நின்றால் பெயரைப் பாருங்கள். பதிவு கடையின் பெயரிலும் பில் “மீனா அக்கா, டர்பன்” என்றும் இருந்தால் இரண்டும் ஒருவர்தான் என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பதிவில் உள்ள பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து அப்படியே பில்லில் இருக்க வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடச் சொல்கிறேன். பெரிய ஆர்டரைச் சின்னச் சின்னப் பார்சலாக்கி அத்தை, சித்தி, மருமகள் பெயர்களில் வரவழைப்பது. சிறு பார்சலுக்கு இருந்த பழைய தாராளம் போய்விட்டது. 2024 செப்டம்பர் 1 முதல் சிறு பார்சல்களுக்கும் வாட் என்ற 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. ஒரே அனுப்புநர், ஒரே வாரம், பல பெயர்கள் என்றால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

அறிகுறி: “லேபிள் சரியில்லை” என்று நுகர்வோர் ஆணையம் பிடித்திருக்கிறது

வரித் தகராறு பணத்தோடு போகும். லேபிள் தகராறில் சரக்கே போய்விடும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகளில் ஆறாவது விதி துணி, உடை, காலணி, தோல் பொருள்களைப் பற்றியது. குறித்த விவரங்கள் இல்லாத பொருளை விற்பதை மட்டுமல்ல, நாட்டுக்குள் கொண்டுவருவதையே அது தடுக்கிறது. எந்த நாட்டில் செய்தது, எந்த இழை எத்தனை சதவீதம், எப்படிப் பராமரிக்க வேண்டும் என்ற மூன்றும் வேண்டும். பராமரிப்புக் குறிப்புக்கு சான்ஸ் 10011, இழை விவரத்துக்கு சான்ஸ் 10235 என்ற தென்னாப்பிரிக்கத் தரநிலைகள் வழிகாட்டுகின்றன.

நம் சேலைகள் இதில் தவறுவது ஏன்? சேலைக்கு லேபிள் தைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. மடிப்பின் மேல் ஒரு தாள், பிளாஸ்டிக் உறையில் ஒரு ஸ்டிக்கர், கடைப் பெயர் அச்சிட்ட அட்டைப் பெட்டி, அத்தோடு முடிந்தது. உறையைப் பிரித்தால் துணியில் ஒன்றுமே இருக்காது. “ப்யூர் சில்க்” என்று எழுதியிருப்பார்கள், சதவீதம் இருக்காது. “காஞ்சிபுரம்” என்று இருக்கும், இந்தியா என்று இருக்காது. காஞ்சிபுரம் என்றால் இந்தியா என்பது நமக்குத் தெரியும், ஆனால் விதி நாட்டின் பெயரைக் கேட்கிறது.

சில்க் மார்க் சீட்டு இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். இந்திய மத்தியப் பட்டு வாரியம் 2004இல் தொடங்கிய அந்த முத்திரை நல்ல முத்திரைதான். பட்டு அசல் என்பதற்கு அது துணையாக நிற்கும், அதைக் கழற்றிவிடாதீர்கள். ஆனால் துவைக்கும் முறையை அது சொல்லாது, பாவிலும் (நீள நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) ஜரிகையிலும் என்ன இழை எத்தனை பங்கு என்பதையும் சொல்லாது. இங்கே கேட்கும் லேபிளுக்கு அது மாற்று ஆகாது.

இப்போது நிற்கும் பெட்டிக்கு என்ன செய்வது? என்ன குறை என்று ஆணையத்தின் ஆய்வாளர் எழுதியிருப்பதை வாங்குங்கள். எல்லாச் சேலையிலும் குறையா, சிலவற்றில் மட்டுமா என்று பிரித்துக் கேளுங்கள். லேபிள் உள்ளவற்றைத் தனியாக விடுவிக்கும்படி எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். குறையுள்ள சரக்கைத் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ உத்தரவு வரலாம். அழிப்பதைவிடத் திருப்பி அனுப்புவது செலவானாலும் நெசவாளரின் உழைப்பு மிஞ்சும். இங்கேயே லேபிள் தைத்துக்கொள்ள அனுமதி கேட்டும் பார்க்கலாம், ஆனால் அந்த நம்பிக்கையில் சரக்கை ஏற்றச் சொல்வது முதலையே பணயம் வைப்பது.

அடுத்த ஆர்டருக்கு, பணம் அனுப்பும் முன் நெசவாளருக்கு இப்படி ஒரு செய்தி போடுங்கள்:

“வணக்கம் அண்ணே. ஒவ்வொரு சேலையிலும் முந்தானைக்கு எதிர்முனையில், இடுப்பில் சொருகும் பக்கம், சின்னத் துணி லேபிள் ஒன்று தைக்க வேண்டும். ஒட்டக்கூடாது. அதில் ஆங்கிலத்தில் மூன்று விவரம்: இந்தியாவில் செய்தது என்பது, பட்டு எத்தனை சதவீதம் ஜரிகையில் உள்ள இழை எத்தனை சதவீதம் என்பது, ட்ரை கிளீன் மட்டும் என்பது. ரவிக்கைத் துணி தனியாக வெட்டி அனுப்பினால் அதற்கும் தனி லேபிள். பேக் செய்வதற்கு முன் ஐந்தாறு சேலையைப் பிரித்து லேபிள் தெரிகிற மாதிரி படம் அனுப்புங்கள். படம் பார்த்த பிறகு மீதிப் பணம் போடுகிறேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நெசவாளர்கள் நாணயமானவர்கள். ஆனால் பேக்கிங் செய்பவர் பெரும்பாலும் வேறொருவர், அவருக்கு டர்பன் எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாது.

அறிகுறி: சேலைக்கு எதிர்பார்த்ததைவிட மிக அதிக வரி போட்டிருக்கிறார்கள்

பொதுச் சுங்கப் பட்டியலில் பட்டுத் துணி 50ஆம் அத்தியாயம். தைத்த உடை 62ஆம் அத்தியாயம். தென்னாப்பிரிக்காவில் தைத்த உடைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொது வரி 45 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகளுக்கும் ஒப்பந்தப்படி சலுகை விகிதங்கள் உண்டு. இந்தியச் சரக்குக்குப் பொது விகிதம்தான். ஆகவே உங்கள் சேலை துணியா உடையா என்ற ஒரு கேள்வியே லாபத்தைத் தின்னவும் காக்கவும் செய்கிறது.

இந்தியாவிலிருந்து வரும் பில்லில் பட்டுச் சேலைக்குப் பெரும்பாலும் 50072010 என்று எழுதியிருப்பார்கள். அது இந்தியாவின் எட்டு இலக்க எண். உலகத்துக்குப் பொதுவானவை முதல் ஆறு இலக்கங்கள் மட்டுமே. கடைசி இரண்டு இங்கே செல்லாது. அந்த ஆறு இலக்கமும் உங்கள் சேலைக்குப் பொருந்துமா என்று நான்கு இடத்தில் பாருங்கள்.

முதலில் குச்சும் ஓரமும். பட்டியலின் பதினோராம் பகுதியில் ஏழாம் குறிப்பு எதை “செய்து முடித்த பொருள்” என்று கொள்ள வேண்டும் என வரையறுக்கிறது. ஓரம் மடித்துத் தைத்தது, ஓரம் சுருட்டித் தைத்தது, எந்த ஓரத்திலாவது முடிச்சிட்ட குஞ்சம் உள்ளது எல்லாம் அதில் அடங்கும். அப்படி முடித்த பொருள் 50ஆம் அத்தியாயத்தில் நிற்க முடியாது. முந்தானையில் நூலைப் பிரித்து முடிச்சுப் போட்டு அழகாகக் குச்சு கட்டி, ஃபால்ஸ் தைத்து, பீக்கோ அடித்து அனுப்பச் சொல்கிறோமே, அந்த வேலைதான் சேலையைத் துணி வரிசையிலிருந்து வெளியே தள்ளும். நூல் பிரியாமலிருக்க வெட்டிய ஓரத்தில் எளிமையாக நூல் சுற்றியிருந்தால் அது கணக்கில் வராது. சேலை தறியை விட்டு இறங்கும்போதே கட்டத் தயாராகத்தானே இருக்கிறது, அதையே முடித்த பொருளாகக் கொள்ளலாமே என்று ஓர் அதிகாரி அதே குறிப்பின் இன்னொரு பிரிவைக் காட்டவும் கூடும். அதனால்தான் தொடர்ந்து சேலை வரவழைப்பவர் ஒரு மாதிரியைக் கொடுத்து, வரி வகை எது என்று சார்ஸிடம் முன்கூட்டியே தீர்மானம் வாங்கி வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கையில் அந்தத் தீர்மானம் இருந்தால் துறைமுகத்தில் வாதாட வேண்டியதில்லை.

குச்சும் ஃபால்ஸும் வேண்டுமென்றால் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். டர்பனுக்கு அருகே வெருலத்திலும் டோங்காட்டிலும் அந்த வேலை தெரிந்த தையல்காரப் பெண்கள் இருக்கிறார்கள். வரியாகப் போகும் பணம் அவர்களுக்குக் கூலியாகப் போகட்டும்.

இரண்டாவது ஜரிகை. பட்டியலில் துணியின் இழையை எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஜரிகை உலோகம், அது இழை இல்லை என்று நினைத்துப் பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பட்டியலோ உலோகம் சுற்றிய நூலையும் ஓர் இழைப்பொருளாகவே கொள்கிறது. 500720 என்ற எண்ணுக்குப் பட்டு எடையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். அகலக் கரையும் உடலெங்கும் புட்டாவும் உள்ள கல்யாணச் சேலையில் ஜரிகை எடை ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டாலும் பட்டு 80 சதவீதமாகிவிடும். அப்போது அது 500790. ஜரிகைதான் மிகுதி என்றால் உலோக நூல் துணிக்கான 5809ஆம் தலைப்பையே பார்க்க வேண்டியிருக்கும். லேபிளில் ஒரு சதவீதமும் பில்லில் வேறு சதவீதமும் இருந்தால் பெட்டி நிச்சயம் நிற்கும். ஆகவே நெசவாளரிடம் பட்டு எடையையும் ஜரிகை எடையையும் கிராமில் கேட்டு வாங்குங்கள். தறியில் ஏற்றும்போது எடை போட்டுத்தான் கொடுக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது எம்பிராய்டரி. கல்லும் மணியும் ஆரி வேலையும் நிறைந்த துணிக்கு 5810 என்ற தனித் தலைப்பு உண்டு. நான்காவது ரெடிமேட். மடிப்புத் தைத்த “ரெடி டு வேர்” சேலை, தைத்த ரவிக்கை, பட்டுப் பாவாடை சட்டை ஆகியவை சந்தேகமில்லாமல் உடைகள். பட்டு ரவிக்கைக்கு 620610, பட்டுத் துப்பட்டா, சால்வைக்கு 621410 என்று ஆறு இலக்கம் வரை தெளிவாகவே இருக்கிறது. இவற்றைச் சேலையோடு ஒரே வரிசையில் “சில்க் ஐட்டம்ஸ்” என்று பில் போட்டால், மொத்தத்துக்கும் உயர்ந்த வரி விழுந்தால் வியப்பில்லை. ஒவ்வொரு வகைக்கும் பில்லில் தனி வரிசை, தனி எண்ணிக்கை, தனி எடை, தனி விலை இருக்க வேண்டும்.

வகை சரியாக இருந்தும் தொகை இடிக்கிறது என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இங்கே சுங்க மதிப்பு என்பது சரக்கு இந்தியாவில் கப்பலிலோ விமானத்திலோ ஏறும்வரையுள்ள விலை. கடல், விமானக் கட்டணமும் காப்பீடும் அதில் சேராது. பில்லில் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக இருந்தால் அந்தக் கட்டணத்துக்கும் சேர்த்து வரி கட்டிவிடுவீர்கள். சரக்கு விலை, கட்டணம், காப்பீடு மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.

வாட் கணக்கு பலரைக் குழப்பும். சுங்க மதிப்பு, அதில் 10 சதவீதம் கூடுதல், சுங்க வரி என்ற மூன்றையும் கூட்டி அதன் மேல் 15 சதவீதம். 20,000 ராண்ட் மதிப்புள்ள தைத்த பட்டு உடைகளை எடுத்துக்கொள்வோம். வரி 45 சதவீதம், அதாவது 9,000. வாட்டுக்கான அடிப்படை 20,000, 2,000, 9,000 சேர்ந்து 31,000. அதில் 15 சதவீதம் 4,650. ஆக மொத்தம் 13,650 ராண்ட். ஏஜென்ட் அனுப்பும் தொகை இதைவிடக் கூடுதலாக இருந்தால் மீதி கையாளும் கட்டணம், கிடங்கு வாடகை, அவருடைய கூலி. எது எவ்வளவு என்று பிரித்துக் கேட்பது உங்கள் உரிமை.

தவறான வகையில் கூடுதலாகக் கட்டிவிட்டீர்கள் என்றால் திருத்த அறிவிப்பும், சுங்கச் சட்டம் 76ஆம் பிரிவின்படி பணம் திரும்பக் கேட்கும் மனுவும் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

அறிகுறி: பில்லில் உள்ள விலையை நம்ப மறுக்கிறார்கள்

துணி வியாபாரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் ஏமாற்று இங்கே நெடுநாளாக நடக்கிறது. டர்பனிலும் கேப்டவுனிலும் ஆடைத் தொழிற்சாலைகள் மூடி ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேலை இழந்தவர்களில் நம் குடும்பத்துப் பெண்களும் நிறையப் பேர். அதனால் சார்ஸ் குறைந்த விலையைக் கூர்ந்து பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நேர்மையாக வாங்கியவர் அதை நிரூபிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொடுக்க வேண்டியவை: பில், வங்கி வழியே பணம் போன ரசீது, விலை பேசிய செய்திகளின் படம், நெசவாளரின் விலைப் பட்டியல், இந்தியச் சுங்கத்தில் அவர் தாக்கல் செய்த ஷிப்பிங் பில். கடைசித் தாளை யாரும் நினைப்பதில்லை. அங்கே ஏற்றுமதிச் சலுகைக்காக ஒரு மதிப்பும் இங்கே வரிக்காக வேறு மதிப்பும் எழுதியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது.

பணம் போன வழியில்தான் நம்மவர்கள் அதிகம் சிக்குகிறார்கள். சென்னையில் உள்ள தம்பி நெசவாளருக்கு ரொக்கமாகக் கொடுத்துவிடுவார், அக்கா இங்கிருந்து தம்பிக்குக் குடும்பச் செலவு என்று அனுப்புவார். பில்லுக்கும் பணத்துக்கும் தொடர்பே தெரியாது. நேராக நெசவாளர் கணக்குக்கு, பில் எண்ணைக் குறித்து அனுப்புங்கள்.

விற்பவர் உறவினரா? மாமாவின் தறியிலிருந்து “வீட்டு விலைக்கு” வந்த சேலையா? ஒரே குடும்பத்தார் சுங்கச் சட்டத்தில் தொடர்புள்ள நபர்கள். உறவினரிடம் வாங்குவது குற்றமில்லை. உறவு விலையைக் குறைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அதே சேலையை அவர் வெளியாருக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்ற இரண்டு மூன்று பில் நகல் இருந்தால் போதுமான வலு. உறவை மறைத்து அறிவிப்பதுதான் ஆபத்து.

இன்னொன்று, ஜரிகையை நீங்கள் தனியாக வாங்கிக் கொடுத்து நெய்யச் சொன்னால் அந்த ஜரிகையின் விலையும் சுங்க மதிப்பில் சேர வேண்டும். கூலியை மட்டும் பில்லாகக் காட்டினால் மதிப்புக் குறைந்ததாகவே கொள்வார்கள்.

“ரெண்டு பில் போட்டுத் தர்றேன்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1964ஆம் ஆண்டின் 91ஆம் எண் சுங்க, கலால் சட்டத்தின் 84ஆம் பிரிவு பொய்த் தாள்களைக் குற்றமாக்குகிறது. 87ஆம் பிரிவு அந்தச் சரக்கையே பறிமுதலுக்கு உரியதாக்குகிறது. முன்பு அனுப்பிய அறிவிப்பில் தவறு இருப்பது தெரிந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே திருத்த அறிவிப்புப் போடுவது நல்லது.

அறிகுறி: மாதிரி எடுத்துச் சோதித்து “இது பட்டு இல்லை” என்கிறார்கள்

பாவு பட்டு, ஊடை பாலியெஸ்டர். இல்லையென்றால் முழுவதுமே செயற்கைப் பட்டு. விற்றவர் “செமி சில்க்” என்று வாயால் சொல்லியிருப்பார், பில்லில் சில்க் என்று இருக்கும். பாலியெஸ்டர் இழைத் துணி 5407, விஸ்கோஸ் இழைத் துணி 5408. வரியும் மாறும், லேபிளும் பொய்யாகிவிடும்.

ஆர்டருக்கு முன் மாதிரித் துண்டு வரவழைத்து, பாவிலிருந்து ஒரு நூல், ஊடையிலிருந்து ஒரு நூல், ஜரிகையின் உள்நூல் என மூன்றையும் தனித்தனியே தீயில் காட்டிப் பாருங்கள். பட்டு, முடி கருகும் வாடையோடு மெதுவாக எரிந்து, விரலில் நசுங்கிப் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும். விஸ்கோஸ் தாள் எரிவதுபோல் எரியும். அசல் ஜரிகையில் உள்நூல் பட்டு, மேலே தட்டையான வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். மலிவு ஜரிகையில் உள்ளும் புறமும் பாலியெஸ்டராகவே இருக்கலாம். வீட்டுச் சோதனை சுங்கத்தில் சான்றாகாது. சந்தேகம் வந்தால் ஆய்வுக்கூட அறிக்கை வாங்குங்கள். செமி சில்க் விற்பதில் தவறே இல்லை, கலப்பு விகிதத்தை உள்ளபடி எழுதினால் போதும்.

அறிகுறி: சேலையில் குறை இல்லை, பெட்டியில் இருந்த வேறு ஏதோ நிறுத்திவிட்டது

சேலைக்கு நடுவே அன்பாக வைத்து அனுப்பிய கறிவேப்பிலை, விதைப் பொட்டலம், மாவிலை, மஞ்சள் கிழங்கு. தாவரப் பொருள்களை வேளாண் துறை தனியாகப் பார்க்கும், அனுமதி இல்லையென்றால் முழுப் பெட்டியும் காத்திருக்கும். மரப்பெட்டியில் அனுப்பினால் மரம் பதப்படுத்தியதற்கான சர்வதேச முத்திரை அதில் இருக்க வேண்டும். அட்டைப்பெட்டி என்றால் அந்தத் தொல்லையே இல்லை.

பழைய பட்டு வேறு கதை. கோயிலுக்குத் தானமாகவோ, பழஞ்சேலையை வெட்டிக் குழந்தைச் சட்டை தைக்கவோ உடுத்திய சேலைகளை மொத்தமாக வரவழைக்கிறார்கள். பயன்படுத்திய பொருளுக்கு இட்டாக்கின் இறக்குமதி அனுமதி வேண்டும், அதுவும் சரக்குக் கிளம்பும் முன்பே. தானம் என்பதால் விலக்கு வந்துவிடாது.

அறிகுறி: விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து வரி கேட்கிறார்கள்

டர்பனின் கிங் ஷாகாவிலோ ஜோஹன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். தாம்போவிலோ இறங்கும் பயணிக்கு 5,000 ராண்ட் வரையிலான பொருளுக்கு வரி இல்லை. அதற்கு மேல் கூடுதலாக 20,000 ராண்ட் வரையிலான பொருளுக்கு 20 சதவீதம் என்ற ஒரே விகிதத்தில் கட்டலாம். 48 மணி நேரமாவது நாட்டுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், 30 நாளுக்கு ஒருமுறைதான் இந்தச் சலுகை. விற்பனைக்கான சரக்குக்கு இது கிடையாது. ஒரே கரை, ஒரே விலைச்சீட்டு, உறை பிரிக்காத பத்துச் சேலையைக் கல்யாணத்துக்கு என்று சொன்னால் நம்புவது கடினம். உண்மையிலேயே கல்யாணத்துக்கு என்றால் பத்திரிகையையும் கடை ரசீதையும் கையில் வையுங்கள். சிவப்பு வழியில் போய் அறிவிப்பதே பாதுகாப்பு.

இங்கிருந்து கட்டிப் போன சொந்தச் சேலைக்கே வரி கேட்டால்? போகும்போதே விலையுயர்ந்த பட்டையும் நகையையும் சுங்க மேசையில் காட்டிப் பதிவுத் தாள் வாங்கியிருந்தால் திரும்பும்போது அதைக் காட்டினால் போதும். இப்போது தாள் இல்லையென்றால் பழைய ரசீது, அந்தச் சேலை கட்டி எடுத்த தேதியிட்ட படம் இவற்றைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

அஞ்சலில் வரும் பரிசுக்குத் தனி விதி. வெளிநாட்டில் உள்ள தனிநபர் இங்குள்ள தனிநபருக்குக் கேட்காமல் அனுப்பும் பரிசு 1,400 ராண்டைத் தாண்டாவிட்டால் வரி இல்லாமல் வரலாம், ஆண்டுக்கு இரண்டு பார்சல். நல்ல பட்டுச் சேலை அந்த வரம்புக்குள் அடங்குவது அரிது. “மதிப்பில்லை” என்று பில்லில் எழுதச் சொல்லாதீர்கள், பரிசுக்கும் மதிப்பு உண்டு.

அறிகுறி: சேலை விற்பனைக்கு வந்த பிறகு கடையில் கேள்வி வருகிறது

இந்தியப் பட்டுத் துணியை வாங்கி டர்பனில் குர்தாவோ ரவிக்கையோ தைத்து விற்கிறீர்களா? அப்படியென்றால் இங்கே தைத்தது என்பதோடு, துணி இறக்குமதி செய்தது என்பதையும் லேபிள் சொல்ல வேண்டும். பழைய இந்திய லேபிளை அப்படியே மாற்றித் தைப்பதும் தவறு, தென்னாப்பிரிக்காவில் செய்தது என்று மட்டும் போடுவதும் தவறு. பராமரிப்புக் குறிப்பு உள்துணிக்கும் சேர்த்துப் பொருந்த வேண்டும். பட்டு மேல்துணி, பருத்தி லைனிங் என்றால் இரண்டின் இழை விவரமும் வேண்டும்.

அறிகுறி: சரக்கைத் தடுத்து வைத்த நோட்டீஸ் வந்துவிட்டது

சுங்கச் சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி தடுத்து வைத்தல் வேறு, பறிமுதல் வேறு. நோட்டீஸில் எது என்று பாருங்கள். தடுத்து வைத்த கட்டத்தில் கேட்ட தாள்களை ஒரே கட்டாக, பட்டியல் போட்டு, ஏஜென்ட் வழியாகக் கொடுத்துப் பெற்றதற்கு ஒப்புதல் வாங்குங்கள். துண்டு துண்டாக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போவீர்கள். கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஏறும் என்பதால் சரக்கை நிபந்தனையோடு விடுவிக்க முடியுமா என்றும் உடனே கேளுங்கள். 93ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் டி.ஏ. 51 படிவத்தில் உள்முறையீடு செய்யலாம். முடிவு தெரிந்ததிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும். முறையீட்டில் கோபத்தைக் கொட்டாதீர்கள். எந்தச் சேலை, எந்த எண், எந்தத் தாள், அதிகாரி எழுதிய எந்த வாக்கியம் தவறு என்று எழுதுங்கள். தொகை பெரிதென்றால் சுங்க வழக்குத் தெரிந்த வழக்கறிஞரை அந்த 30 நாளுக்குள்ளேயே பாருங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்த பிறகும் தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம். பில், வங்கி ரசீது, சுங்க அறிவிப்பு, லேபிள் படம், நெசவாளருடன் பேசிய செய்திகள் எல்லாவற்றையும் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். கைபேசி மாறினால் செய்திகள் தொலைந்துபோகும், ஆகவே ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும் அவற்றைத் தாளில் அச்செடுத்து அந்தப் பில்லோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.